தரையை முகர்ந்தவர்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் போவது அடுப்படிக்குத்தான். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். நேரே உள்ளே போய், கைலியை மடித்துக் கட்டி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, "மாதாவே" என்று முனகிக்கொண்டே முட்டி போடுவார். அவருக்கு மூட்டுவலி உண்டு. பிறகு கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் மூக்கைத் தரையோடு வைத்து இரண்டு தடவை முகர்வார். வாடை இல்லையென்றால் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, அதற்கப்புறம்தான் "நல்லா இருக்கீங்களா?" என்று விசாரிப்பார்.

எங்கள் வீட்டில் அவர் முதல்முறை இப்படிச் செய்தபோது நான் அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்தேன். ஈரத்தில் அவருடைய உள்ளங்கை அச்சு அப்படியே பதிந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்; அன்றும் வந்தது.

"என்ன அண்ணே, ஏதாவது கீழ விழுந்துடுச்சா?" என்றேன்.

"இல்லீங்க. இருக்குதான்னு பாக்குறேன்."

"எது?"

"கேஸு. இல்ல. நல்லதுங்க."

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்களுடையது இரட்டைக் குவார்ட்டர்ஸ். ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர், இந்தப் பக்கம் நாங்கள். என் கணவருக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. அந்தப் பக்கம் தெர்மல் மின்நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவர், அவர் மனைவி, ப்ளஸ் டூ படிக்கும் மகள். அந்த மனைவிக்கு அண்ணன் இவர். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுன்காரர், கத்தோலிக்கர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். துபாயில் ஒரு வெள்ளைக்கார முதலாளியின் பாய்மரப் படகில் பதினேழு வருஷம் சமையலும் மற்ற எல்லா வேலையும் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்ததும் ஊருக்கு வந்து தங்கை வீட்டில் ஒண்டிக்கொண்டார். அவர் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தது ஒன்றரை வருஷம். அது முடிந்து பன்னிரண்டு வருஷமாவது ஆகியிருக்கும். இப்போது இருக்கிறாரா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

எங்கள் பிளாக்கில் அவருக்குக் 'கப்பல்' என்று பெயர் வைத்தார்கள். யார் அப்படிக் கூப்பிட்டாலும் நின்று திருத்துவார். "கப்பல் இல்லீங்க. படகு. இருபத்தெட்டு அடி." அந்த இருபத்தெட்டு அடிக்குள் படுக்கை, அடுப்பு, கக்கூஸ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு என்று அவர் கையால் அளந்து காட்டும்போது, எங்கள் அடுப்படியும் ஸ்டோர் ரூமும் சேர்ந்தால் அந்த அளவு வரும்போலிருக்கும்.

அவருக்குக் கடலைப் பற்றியோ துபாயைப் பற்றியோ பேச ஆசையே கிடையாது. திமிங்கிலம் பார்த்தீர்களா என்று யாராவது கேட்டால் "பாத்தேன்" என்பார். அதோடு சரி. கேஸைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் ஓயாது.

"கேஸு தண்ணி மாதிரிங்க. மேல போவாது. கீழ எறங்கி ஒக்காந்துக்கும். வூட்டுக்காவது வாசல் இருக்குது, வழிஞ்சி போவும். படகுக்கு அடியில வழி ஏது? வழி இருந்தா முழுவிடும்ல? அப்ப உள்ள எறங்குன கேஸு எங்க போவும்? அடியிலயே கெடக்கும். நீங்க நின்னுகினு மோந்தா ஒண்ணும் தெரியாது."

ஆகையால் அந்தப் படகில் சிலிண்டரை உள்ளேயே விடுவதில்லையாம். பின்பக்கம் மேல்தட்டில் அதற்கென்று ஒரு பெட்டி. பெட்டிக்கு மூடி மேலே. அடியில் ஒரு குழாய். கசிந்தால் கேஸ் குழாய் வழியாகக் கடலில் இறங்கிவிடும். சமைத்து முடித்தால் அடுப்பை அணைக்க மாட்டார். வெளியே போய்ச் சிலிண்டரை மூடுவார். டியூபில் மிச்சம் இருப்பது எரிந்து, தீ தானாகப் படுக்கும் வரை அடுப்புக்கு முன்னால் நிற்பார். தங்கை வீட்டிலும் அப்படியே நின்றார். "எண்ணிகினே நிப்பாருக்கா, பதினெட்டு எண்றதுக்குள்ள அணைஞ்சிடணும், இல்லன்னா டியூபைக் கழட்டிப் பாப்பாரு" என்று தங்கை என்னிடம் தலையில் அடித்துக்கொள்வாள்.

பெட்ரோல் விஷயத்தில் இன்னும் மோசம். மழை நாளில் ஸ்கூட்டரை முன்னறைக்குள் ஏற்றி நிறுத்துவது டவுன்ஷிப்பில் பாதிப் பேர் செய்கிற காரியம். தங்கை புருஷன், இவருக்கு மச்சான், உள்ளே ஏற்றுவார். இவர் தள்ளிக்கொண்டுபோய் வெளியே விட்டுத் தார்ப்பாயைப் போடுவார். மறுபடி மச்சான் ஏற்றுவார். ஒருநாள் ஸ்டோர் ரூமில் தண்ணீர் பாட்டிலில் அரை லிட்டர் பெட்ரோல் இருப்பதைக் கண்டுபிடித்து, அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் ஸ்கூட்டர் டாங்கில் ஊற்றி, ஊற்றும்போது சிந்தியதைத் துடைத்த துணியை உள்ளே கொண்டு வராமல் வேலியிலேயே காயப்போட்டார். படகில் இன்ஜினுக்கான பெட்ரோல் கேனை மேல்தட்டில்தான் கட்டி வைப்பார்களாம். வாய்வரை நிரப்ப மாட்டார்களாம். "வெயிலுக்கு அது ஊதும்ங்க, அதுக்கு எடம் வேணும்."

அடுப்படியில் வேளாங்கண்ணி மாதா படம் ஒன்று இருந்தது. சனிக்கிழமைதோறும் தங்கை அதன் முன்னால் மெழுகுவத்தி ஏற்றுவாள். இவர் வந்த இரண்டாம் மாதம் மாதா ஹாலுக்கு வந்துவிட்டாள்.

"மாதா கோச்சிக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அவங்களும் அந்த வூட்லதானங்க இருக்காங்க," என்றார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள். சிரிக்க முடியாமல் போனது அவர் சுவரை உடைத்த பிறகுதான்.

தங்கை குடும்பத்தோடு வேளாங்கண்ணி போயிருந்த இரண்டு நாளில் அவர் உளியும் சுத்தியலும் வாங்கிவந்து, அடுப்படியின் தோட்டத்துப் பக்கச் சுவரில், தரைமட்டத்தில், சிலிண்டர் நிற்கிற இடத்துக்கு நேராக உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை போட்டார். சிலிண்டரை வெளியே வைத்தால் திருடு போகும். உள்ளே இருந்தால் கேஸ் போக வழி வேண்டும். அவர் கணக்கு அவ்வளவுதான். ஆனால் அது கம்பெனி வீடு. ஆணி அடிக்கவே யோசிப்பவர்கள் நாங்கள். மச்சான் வந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மூடிடுங்க மச்சான். எவனாவது பாத்தான்னா என் குவார்ட்டர்ஸ் போயிடும். பொண்ணு ப்ளஸ் டூ. நடு வருஷத்துல எங்க போய் நிக்கறது?"

"வூடே வெடிச்சிப் போறதுக்கு குவார்ட்டர்ஸ் போனா பரவால்ல," என்றார் இவர். பிடித்த முயலுக்கு மூன்று கால்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் எலி வர ஆரம்பித்தது. பண்ருட்டியில் வாங்கி டப்பாவில் போடாமல் விட்டிருந்த முந்திரிப்பருப்புப் பையை ஓட்டை போட்டுத் தின்றது. துணியைக் கடித்தது. எனக்கு எலி என்றால் ஆகவே ஆகாது. பக்கத்து வீட்டு ஓட்டை வழியாக நுழைந்துதான் கூரைக்கடியில் இந்தப் பக்கம் வருகிறது என்று நான் முடிவு கட்டினேன். அவரிடம் போய்ச் சொன்னேன். மறுநாளே ஓட்டைக்கு இரும்பு வலை வைத்தார். வலை சரியாகப் பொருந்தவில்லை. ஒரு மூலையில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. எலியும் நிற்கவில்லை.

அப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். டவுன்ஷிப் ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். இன்ன பிளாக்கில் இன்ன வீட்டில் சுவரை உடைத்து ஓட்டை போட்டிருக்கிறார்கள், அதனால் எலியும் பாம்பும் வருகின்றன, குடும்பத்தில் சேராத ஆள் ஒருவரும் தங்கியிருக்கிறார். கடைசி வரி தேவையே இல்லை. எழுதுகிற வேகத்தில் வந்துவிட்டது. என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

பத்து நாளில் மச்சானுக்கு மெமோ வந்தது. ஒரு மாதத்துக்குள் சுவரைப் பழையபடி ஆக்கவேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று. அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை அழுத சத்தம் எங்கள் ஹால் வரை கேட்டது. இவர் மட்டும் அசையவில்லை. வேறு எது வேண்டுமானாலும் செய்கிறேன், ஆபீசில் வந்து பேசுகிறேன், அபராதம் கட்டுகிறேன், ஓட்டையை மட்டும் மூட மாட்டேன் என்றார். அந்தப் பெண் பரீட்சை எழுதுவாளா, மூட்டை கட்டுவாளா என்பது இப்போது அவருடைய பிடிவாதத்தில் இருந்தது. என் கடுதாசியிலும் இருந்தது.

அந்த நாட்களில்தான் என் கணவர் வேலியோரம் சிகரெட் பிடித்துக்கொண்டே அவரைச் சீண்டினார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன் அண்ணே, ஊர்ல லட்சம் வீட்ல கேஸ் இருக்கு. உங்களுக்கு மட்டும் என்ன பயம்?"

அவர் அந்தச் சிகரெட் நுனியைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"பக்கத்துப் படகுங்க. புருஷன், பொண்டாட்டி. வயசானவங்க. சாயங்காலம் நான் தண்ணி புடிக்க அவங்கள தாண்டிப் போறேன். வாடை வந்துச்சு. அவங்க படகு, அவங்க கேஸு, நமக்கென்னன்னு வந்துட்டேன். காலையில டீ போட அடுப்பு பத்த வச்சாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க."

என் கணவர் உள்ளே வந்து, "ஆளு நல்லாக் கதை விடுறாரு" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அரபு நாட்டுக்குப் போய் வந்தவர்கள் கதைக்கு அளவு கிடையாது.

மார்கழி வந்தது. நெய்வேலியில் காற்று ஒரு பக்கமாகத் திரும்பினால் தெர்மலிலிருந்தும் நிலக்கரி கொட்டிவைத்த இடத்திலிருந்தும் கெட்ட முட்டை வாடை அடிக்கும். புதிதாக வருகிற விருந்தாளிகள் மூக்கைப் பொத்துவார்கள். நாங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். அன்று காலை சமையல் முடித்து, குளித்துவிட்டு அடுப்படிக்கு வந்தபோது அந்த வாடை லேசாக இருந்தது. காற்று திரும்பிவிட்டது என்று நினைத்து எல்லா ஜன்னலையும் இறுக்கிச் சாத்தினேன். என் கணவர் நைட் ஷிப்ட் முடித்துவந்து ஹாலில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். குளிருக்கு ஃபேன்கூடப் போடவில்லை. நான் வெளியே பூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன்.

திரும்பி வரும்போது மணி ஒன்று இருக்கும். கதவில் சாவியை நுழைக்கப் போனேன். பின்பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அண்ணன் ஓடிவந்தார். அந்த மூட்டுவலியை வைத்துக்கொண்டு அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. தோட்டத்துக் குழாயடியில் குந்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறார்; கையெல்லாம் செதில். எங்கள் அடுப்படியிலிருந்து தண்ணீர் வெளியே போகிற ஓட்டை அந்தக் குழாயடிக்குப் பக்கத்தில்தான். அது வழியாகக் கேஸ் இறங்கி அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்திருக்கிறது.

"யம்மா, நில்லுங்க. சாவியைக் குடுங்க. அவரு தூங்கிகினு இருக்காரா?"

"ஆமா. ஏன் அண்ணே?"

"சத்தம் போடாதீங்க. எழுந்தாருன்னா பத்த வச்சிடுவாரு. நீங்க உள்ள வராதீங்க. லைட்டு கிட்டு எதுவும் தொடாதீங்க."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் கணவர் கண் விழித்ததும் பாயிலேயே உட்கார்ந்து ஒரு சிகரெட் பற்றவைப்பார். பல் தேய்ப்பதுகூட அதற்கப்புறம்தான். கல்யாணமான நாளிலிருந்து நான் சண்டை போட்டும் போகாத பழக்கம் அது.

அவர் கதவைச் சத்தமில்லாமல் திறந்தார். வாசலில் நின்று நான் பார்த்தேன். அடுப்படிக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. பாயருகே குனிந்து, தலையணைப் பக்கத்திலிருந்த சிகரெட் பெட்டியையும் தீப்பெட்டியையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அடுப்படிக்குள் போய்ச் சிலிண்டரை மூடினார். பின்கதவைத் திறந்தார். திரும்பி வந்து என் கணவரின் தோளைத் தொட்டார். கண்ணைத் திறக்காமலே என் கணவரின் கை தலையணைப் பக்கம் துழாவியது. அந்தக் கையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"எழுந்து வாங்க தம்பி. கேஸு. வெளிய போயிடலாம்."

எங்களைத் தெருவில் நிற்கவைத்துவிட்டு அவர் ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எங்கள் அடுப்படிப் பின்வாசலுக்கு மழைத் தண்ணீர் வராமலிருக்க ஒரு சாண் உயரத்துக்குப் படி கட்டியிருக்கும். அவர் முட்டி போட்டு, தரையோடு வாளியைச் சாய்த்து, ஒன்றுமில்லாத வாளியை மொண்டு, படிக்கு வெளியே கவிழ்த்தார். மறுபடி மொண்டார். மறுபடி கவிழ்த்தார். வேலிப் பக்கம் கூடிவிட்டவர்களில் ஒருவர், "கப்பல் காத்தை மொண்டு ஊத்துதுப்பா" என்றார். சிலர் சிரித்தார்கள். படகுக்குள் கேஸ் இறங்கினால் இப்படித்தான் இறைப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அரைமணி நேரம் இறைத்தார். நடுவில் இரண்டு தடவை படுத்து முகர்ந்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு சிலிண்டர் டியூபைக் கழற்றி வெயிலில் கொண்டுவந்து பார்த்தார். வளைகிற இடத்தில், அடிப்பக்கம், சின்னச் சின்னதாகப் பல் தடம். ஒரு இடத்தில் குத்திப் போயிருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எலி நெறைய வருதுங்களா?"

"வருது," என்றேன்.

"இன்னமுமா?"

"ம்."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். மீனைக்கூட ஆய்ந்து முடிக்கவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் கொத்துக்கரண்டி உரசும் சத்தம் கேட்டது. அவரே சிமெண்ட் குழைத்து, அவரே செங்கல் துண்டு வைத்து, ஓட்டையை மூடிக்கொண்டிருந்தார். மச்சான் நம்பவில்லை, கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தாராம். தங்கை மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். இரண்டு மாதமாக யார் அழுதும் மூடாத ஓட்டையை, எலிப் பல் பட்ட ஒரு முழ ரப்பர் டியூப் மூடிவிட்டது. மச்சானை எச்சரித்துவிட்டு ஆபீசில் மெமோவை முடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண் அதே வீட்டிலிருந்து பரீட்சை எழுதினாள்.

மறுநாள் நான் அடுப்படியைக் கழுவிவிட்டேன். தண்ணீர் போகிற ஓட்டையில் தண்ணீர் தயங்கித் தயங்கித்தான் இறங்கியது. குச்சியால் குத்தினேன். எலிப் புழுக்கையும் முந்திரித் துணுக்கும் திரண்டு வந்தன. அந்த ஓட்டைக்கு வலையே கிடையாது. வீடு கட்டின நாளிலிருந்து இருந்ததில்லை. எலி வந்த வழி அதுதான். பக்கத்து வீட்டு ஓட்டை இல்லை. நான் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி அதைக் கழுவிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து நாலைந்து நாளில் அவர் கடலூருக்கே போய்விடுவதென்று கிளம்பினார். தம்பி வீடு இருக்கிறதாம். தங்கை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "நான் இருந்தா எதையாவது பண்ணுவேன்" என்றாராம். போகிற அன்று காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். புது டியூபை அவரே மாட்டிக் கொடுத்திருந்தார்; அதை இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தார். என் கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். நான் அவரோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். ஒரு பை, ஒரு குடை.

நிறுத்தத்தில் யாருமில்லை. இதற்குமேல் தாங்காது என்று சொல்லிவிட்டேன்.

"அண்ணே, ஆபீசுக்குக் கடுதாசி போட்டது நான்தான்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டட்டும் என்றுகூட இருந்தது.

"தெரியும்ங்க," என்றார்.

"எப்போ தெரியும்?"

"மெமோ வந்த அன்னிக்கே. செவுரு ஒண்ணு. வேற யாரு எழுதப் போறாங்க?"

அப்படியானால் வாளியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் போன அன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தீப்பெட்டியை எடுத்துப் பையில் போட்டபோது தெரிந்திருக்கிறது. நான் தலையைத் தூக்கவில்லை.

"நீங்க ஏன் சங்கடப்படறீங்க?" என்றார். "ஓட்டையால எலி வருதுன்னு எழுதுனீங்க. நெசந்தானங்க. என் ஓட்டை வழியா வந்த எலி, ஒரு ஆளைக் கொன்னிருக்கும்."

குள்ளஞ்சாவடி வழியாகக் கடலூர் போகிற பஸ் தூரத்தில் திரும்பியது. அது வந்து நின்று, அவர் கைப்பிடியைப் பிடித்து, வலிக்கிற காலை மெதுவாகத் தூக்கி வைத்து ஏறுகிற வரை நேரம் இருந்தது. எலி எங்கள் வீட்டு ஓட்டை வழியாக வந்தது அண்ணே, உங்களுடையது வழியாக இல்லை என்று ஒரு வரி சொன்னால் போதும். சொல்லவில்லை. அவர் என் கடுதாசியை நிஜம் என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது.